ஒரு மாதிரி மட்டும் −9 காட்டினால் பழைய கடலைப் பற்றி என்ன எழுதலாம்?

கேள்வி: ஜியாலஜி முதுகலை படிக்கிறேன். 100 கோடி ஆண்டுகளுக்கும் பழைய சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் 14 மாதிரிகள் எடுத்து, கார்பன் ஐசோடோப்பு சோதனைக்கு அனுப்பினேன். 13 மாதிரிகளில் 0 முதல் +2 வரை வந்தது. ஒன்றில் மட்டும் −9. அப்போது கடலில் உயிர்கள் பெருமளவில் அழிந்தன என்று ப்ராஜெக்டில் எழுதலாமா? இதே கார்பனை வைத்துப் பாறையின் வயதையும் சொல்ல முடியுமா?

பதில்: வயதை முதலில் முடித்துவிடுவோம். முடியாது. அதற்கு உதவும் கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள்தான்; சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்க எதுவும் மிஞ்சாது. அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் படலம் இருந்தால், அதிலுள்ள சிர்கான் படிகங்களை யுரேனியம்-ஈயம் முறையில் சோதிக்கலாம்.

நீங்கள் அளந்தது கார்பன்-12, கார்பன்-13 என்ற எடை வேறுபட்ட இரு கார்பன் அணுவகைகளின் (ஐசோடோப்புகளின்) விகிதம். இவை சிதைவதில்லை, அதனால்தான் இவ்வளவு காலம் கழித்தும் நமக்குப் பயன்படுகின்றன. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் எடை குறைந்த 12-ஐ விரும்பி எடுக்கும். அவை மடிந்து புதையும்போது அந்தக் கரிமப் பொருளின் மதிப்பு −25 அருகே இருக்கும். கடல்நீரில் எஞ்சும் கார்பன் சற்றே கனமாகி, சுண்ணாம்பாகப் படியும்போது 0 பக்கம் நிற்கும். (எல்லாம், ஒரு பொதுவான ஒப்பீட்டு மாதிரியைவிடக் கார்பன்-13 விகிதம் ஆயிரத்துக்கு எத்தனை கூடுதல் அல்லது குறைவு என்ற கணக்கு.)

இதை வரவு-செலவு போலப் பாருங்கள். பூமியின் உள்ளிருந்து எரிமலைகள் வழியே வரும் கார்பன் சுமார் −5. அதில் ஐந்தில் ஒரு பங்கு −25 ஆகவும், மீதி 0 ஆகவும் புதைந்தால் கணக்கு நேராகிவிடும். உங்கள் 13 மாதிரிகளும் இந்த வழக்கமான கடலைத்தான் காட்டுகின்றன. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் 340 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலேயே சுண்ணாம்புக்கும் கரிமப் பொருளுக்கும் இடையே இதே மாதிரி அகன்ற இடைவெளி இருக்கிறது. அவ்வளவு முன்பே கடலில் உயிர்கள் கார்பனைப் பிரித்துக்கொண்டிருந்தன என்பதற்கு இது வலுவான சான்று.

கணக்கு மாறிய காலமும் உண்டு. ஜிம்பாப்வேயின் லோமகுண்டி பகுதியின் பெயரால் அறியப்படும் நிகழ்வில், சுமார் 222 முதல் 206 கோடி ஆண்டுகளுக்கு முன்பு படிந்த சுண்ணாம்பு +8, +10 என்று ஏறியது. மேலே சொன்ன கணக்கில் சுண்ணாம்புக்கு +8, கரிமப் பொருளுக்கு அதே 25 இடைவெளியில் −17 என்று போட்டுப் பாருங்கள், கார்பனில் ஏறக்குறைய பாதி கரிமப் பொருளாகப் புதைந்திருக்க வேண்டும் என்று வரும். அப்படிப் புதைந்தால் ஆக்சிஜன் மிஞ்சும். ஆழமற்ற நீரில் மட்டும் நடந்த மாற்றம் இது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள்.

சரி, −9-க்கு வருவோம். உயிர்கள் குறைந்து கரிமப் பொருள் புதைவது குறைந்தால் சுண்ணாம்பின் மதிப்பு இறங்கும்தான்; ஆனால் ஒரே மாதிரியை வைத்து அழிவு என்று எழுத முடியாது. அந்தக் கல்லின் வெட்டிய முகத்தைத் தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உலர்ந்திருக்கும்போது கண்ணில் படாத வெள்ளைக் கால்சைட் நரம்புகள் நனைந்ததும் பளிச்சென்று தெரியும். பொடி எடுத்த துளை அதில் ஒன்றின் மேல் விழுந்திருந்தால், நீங்கள் அளந்தது கடலை இல்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது மட்கிய பொருளின் எடை குறைந்த கார்பனைச் சேர்த்துக்கொண்டு போகும். பல கோடி ஆண்டுகள் கழித்துப் பாறை வெடிப்பில் அது படிகமானாலும் மைனஸ்தான் காட்டும்.

நரம்பே இல்லையென்றால் ஆக்சிஜன் ஐசோடோப்பைப் பாருங்கள். கார்பனை அளக்கும்போதே அதுவும் அளக்கப்படும், ஆய்வக அட்டவணையில் பக்கத்து வரிசையில் இருக்கும். மற்ற மாதிரிகளைவிட இதில் மட்டும் அது மிகவும் இறங்கியிருந்தால், பின்னால் வந்த நீர் பாறையை மாற்றியிருக்கிறது என்று சந்தேகியுங்கள். மாங்கனீசு கூடி ஸ்ட்ரான்ஷியம் குறைந்திருந்தாலும் அப்படித்தான். அப்புறம், அதே அடுக்கில் சில சென்டிமீட்டர் மேலேயும் கீழேயும் நெருக்கமாக மாதிரி எடுங்கள். உண்மையான கடல் மாற்றம் படிப்படியாக இறங்கி ஏறும், பக்கவாட்டில் தொலைவில் உள்ள இன்னொரு வெட்டுமுகத்திலும் தெரியும்.

அதுவே போதும் என்றும் சொல்லமாட்டேன். ஓமானின் ஷூராம் அடுக்குகளில் மதிப்பு −12 வரை இறங்குகிறது. பல நூறு மீட்டர் தடிமனில் சீராகத் தெரிகிறது, ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் அதற்கு இணையான அடுக்குகள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் அது கடலின் மாற்றமா, பிறகு நேர்ந்த மாற்றமா என்ற விவாதம் ஓயவில்லை. அங்கே சுண்ணாம்பு இறங்கியபோது கரிமப் பொருள் கூடவே இறங்காததும் ஒரு காரணம். அதனால் முடிந்தால் உங்கள் மாதிரிகளிலும் இரண்டையும் அளந்துவிடுங்கள்.

−9 உங்கள் முடிவோடு பொருந்தவில்லை என்று அட்டவணையிலிருந்து நீக்கிவிட வேண்டாம். துளையிட்ட இடத்தின் படத்தோடு, அந்த மாதிரியின் ஆக்சிஜன் மதிப்பையும் பக்கத்தில் போட்டு, மறுபடி எடுத்த மாதிரிகளின் எண்களுக்கு நடுவே அதை வையுங்கள்.