கபிண்டா: கேட்டதும் சொன்னதும்

(ஆப்பிரிக்காவின் வரலாறு, எல்லைத் தகராறுகள் பற்றிக் கேளுங்கள். எண்ணெய் தோண்டும் தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது.)

கேள்வி: அங்கோலா வரைபடத்தில் வடக்கே ஒரு துண்டு தனியாகக் கிடக்கிறதே, அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை, அதுதான் கபிண்டா. அங்கோலாவின் ஒரு மாகாணம், ஏறக்குறைய 7,270 சதுர கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே காங்கோ ஜனநாயகக் குடியரசின் குறுகிய பட்டை கடலைத் தொடுகிறது. 1884–85 பெர்லின் மாநாட்டை ஒட்டி நடந்த பேரத்தின் விளைவு இது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோவுக்குக் கடலுக்கு வழி வேண்டியிருந்தது. காங்கோ ஆற்று முகத்துவாரத்தின் வடகரை அவருக்குப் போக, தென்கரையும் வடக்கே ஒதுங்கிய கபிண்டாவும் போர்ச்சுகலிடம் நின்றன.

கேள்வி: எண்ணெய் கிடைத்ததால்தானே தனிநாடு கேட்கிறார்கள்?

பதில்: இல்லை. ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். 1885 பிப்ரவரி 1 அன்று சிமுலாம்புகோ ஒப்பந்தத்தில் உள்ளூர்த் தலைவர்கள் போர்ச்சுகலின் பாதுகாப்பை ஏற்றார்கள். 1933 போர்ச்சுகீசிய அரசியல் சட்டம் கபிண்டாவை அங்கோலாவிலிருந்து தனியாகவே குறிப்பிட்டது. 1956-ல்தான் நிர்வாகம் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவின் கீழ் போனது. ஃப்ளெக் என்ற விடுதலை முன்னணி உருவானது 1963-ல். கடலில் எண்ணெய் கண்டுபிடித்தது 1966-ல், எடுக்க ஆரம்பித்தது 1968-ல். கோரிக்கை முதலில், எண்ணெய் பிறகு.

எண்ணெயின் வேலை மறுபக்கம் இருக்கிறது: லுவாண்டா ஏன் விடமாட்டேன் என்கிறது என்பதற்குத்தான் அது பதில். 1975 ஜனவரியில், அங்கோலாவின் சுதந்திரத்துக்கான அல்வோர் ஒப்பந்தத்தில் போர்ச்சுகலோடு கையெழுத்திட்டவை எம்பிஎல்ஏ (பிறகு ஆட்சியைப் பிடித்தது இதுதான்), எஃப்என்எல்ஏ, யுனிட்டா ஆகிய மூன்று அங்கோல விடுதலை இயக்கங்கள். ஃப்ளெக்கை யாரும் கூப்பிடவில்லை. கபிண்டா அங்கோலாவின் பிரிக்க முடியாத பகுதி என்று அதில் எழுதிவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டுப் படையின் துணையோடு ஃப்ளெக் உள்ளே நுழைந்தது. கியூபப் படையின் உதவியோடு எம்பிஎல்ஏ அவர்களை விரட்டியது.

கேள்வி: அங்கோலாவின் எண்ணெயில் பாதிக்கு மேல் கபிண்டாவிலிருந்துதான் வருகிறதாமே?

பதில்: எந்த ஆண்டின் கணக்கு? ஒரு காலத்தில் அது உண்மை. பின்னர் தெற்கே ஆழ்கடலில், குறிப்பாக 17-ஆம் பிளாக்கில், பெரிய வயல்கள் வந்தன. ஆண்டு போடாத சதவீதத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: கியூப வீரர்கள் அமெரிக்கக் கம்பெனிக்குக் காவல் நின்றார்கள் என்பது கட்டுக்கதைதானே?

பதில்: நிஜம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். எம்பிஎல்ஏ மார்க்சிய அரசு. அதன் கஜானாவை நிரப்பியது கல்ஃப் ஆயில் என்ற அமெரிக்கக் கம்பெனி. அதை 1984-ல் செவ்ரான் வாங்கியது. வாஷிங்டன் இந்த அரசை 1993 வரை அங்கீகரிக்கவே இல்லை. 1986-ல் அதன் எதிரியான யுனிட்டாவுக்கு ஸ்டிங்கர் ஏவுகணைகளும் கொடுத்தது. கபிண்டாவின் மாலோங்கோவில் இருந்த கம்பெனியின் எண்ணெய்த் தளத்துக்கோ அங்கோலப் படையோடு கியூபர்கள் காவல். 1985 மே மாதம் தென்னாப்பிரிக்கக் கமாண்டோக்கள் அந்தத் தளத்தைத் தகர்க்க வந்து மாட்டிக்கொண்டார்கள். இருவர் இறந்தார்கள். பிடிபட்ட கேப்டன் வைனண்ட் டு டோய்ட் 1987-ல் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வீடு திரும்பினார். கொள்கை ஒரு பக்கம், வரவு செலவு இன்னொரு பக்கம்.

கேள்வி: அங்கே எண்ணெய்த் தளத்தில் வேலை இருக்கிறது என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மற்றதை அங்கே வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: எண்ணெய்க்காகத்தான் பிரிவினை என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் இருந்தால் என்ன? காலனி எல்லைகளைத் தொடக்கூடாது என்று 1964-ல் கெய்ரோவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் முடிவெடுத்தாயிற்றே. வழக்கு அங்கேயே முடிந்தது.

பதில்: முடியவில்லை. எந்தக் காலனி எல்லை என்பதுதான் சண்டையே. 1885-ஐ எடுத்தால் கபிண்டா தனி, 1956-க்குப் பிறகு எடுத்தால் அங்கோலா.

அவரே மறுபடி: சுதந்திரம் வாங்கும் நாளில் இருந்த எல்லைதான் செல்லும். இல்லாவிட்டால் ஆளாளுக்குப் பழைய காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பதில்: நல்ல வாதம். ஆனால் எரித்ரியா 1962-லேயே எத்தியோப்பியாவோடு இணைக்கப்பட்டது. 1993-ல் தனிநாடு ஆனதே?

இன்னொருவர்: அங்கே போராளிகள் போரில் ஜெயித்தார்கள். அப்புறம்தான் வாக்கெடுப்பு. கபிண்டாவில் யார் ஜெயித்தார்கள்? தவிர, 1885-ல் கையெழுத்துப் போட்ட சில தலைவர்கள் மக்களின் பிரதிநிதிகளா?

பதில்: முதல் பாதி சரி. ஃப்ளெக் பல துண்டுகளாக உடைந்த இயக்கம், பெரிய படையும் கிடையாது. இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. காலனி அரசு எழுதிவாங்கிய காகிதத்தை விடுதலைக்கு ஆதாரமாகக் காட்டுவது எனக்கும் பலவீனமாகத்தான் படுகிறது. வலுவான வாதம் வேறு: 1885, 1956, 1975 என மூன்று முறை அந்த மண்ணின் தலைவிதியை முடிவு செய்தார்கள், ஒரு முறைகூட அங்குள்ள மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. லுவாண்டா இதற்குப் பதில் சொல்லட்டும். நீங்கள் இருவரும் இதைத் தனியாகத் தொடருங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: டோகோ கால்பந்து அணியைச் சுட்டது இங்கேதானா?

பதில்: ஆம். 2010 ஜனவரி 8, ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தார்கள். துணைப் பயிற்சியாளரும் ஊடக அதிகாரியும் இறந்தார்கள். அணி விலகியது. அதற்காக ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு டோகோவுக்கே தடை போட்டது, பிறகு நீக்கியது. அந்த முடிவை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

கேள்வி: 2006-லேயே சமாதானம் ஆகிவிட்டதே?

பதில்: அங்கோலாவின் நமீபே நகரில் கையெழுத்திட்டவர் பெண்டோ பெம்பே, ஃப்ளெக்கின் ஒரு பிரிவின் சார்பில். ந்சிட்டா தியாகோவின் பிரிவு ஏற்கவில்லை. அவர் 2016-ல் பாரிஸில் இறந்தார். இன்றும் அவ்வப்போது மோதல் செய்திகள் வரும். இருபக்கமும் சொல்லும் பலி எண்ணிக்கையை நம்பாதீர்கள், சதவீதத்துக்குச் சொன்னதே இதற்கும்.

கேள்வி: எண்ணெய் இருந்தும் மக்கள் ஏன் ஏழைகள்?

பதில்: பணம் லுவாண்டாவுக்குப் போகிறது. கச்சா எண்ணெய் ஏற்றுமதியாகிறது. மாகாணத்திலேயே சுத்திகரிப்பு ஆலை திறந்தது 2025-ல்தான், அதுவும் முதல் கட்டம் நாளொன்றுக்கு 30,000 பீப்பாய். கோபம் வாக்குப்பெட்டியிலும் தெரிந்தது: 2022 தேர்தலில் கபிண்டாவில் முந்தியது எதிர்க்கட்சியான யுனிட்டா.

கேள்வி: எண்ணெய் இல்லையென்றால் தனிநாடு கேட்பார்களா?

பதில்: இரண்டாவது பதில்!

கேள்வி: மயோம்பே காட்டைப் பார்க்க ஆசை. லுவாண்டாவிலிருந்து காரில் போகலாமா?

பதில்: நடுவில் இன்னொரு நாடு இருக்கிறது, அதன் விசாவும் வேண்டும். விமானத்தில் போங்கள்.