மிக் புரோமோட்டரின் நான்கிழை டிஎன்ஏ: கேள்வி பதில்

கேள்வி: இரட்டைச் சுருளாக இருக்கும் டிஎன்ஏ, புரோமோட்டரில் (மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதியில்) ஏன் நான்கிழையாக மடிகிறது?

புற்றுநோயோடு தொடர்புடைய மிக் (MYC) மரபணுவில் பி1 என்ற படியெடுப்புத் தொடக்கப் புள்ளிக்கு மேலே, 142 முதல் 115 வரையிலான எழுத்துகளின் இடத்தில் குவானின் நெருக்கமாக அடுக்கிய 27 எழுத்துகள் உள்ளன. மிக் படியெடுப்பில் 80 முதல் 90 சதவீதம் வரை இந்தச் சிறு துண்டின் பிடியில்தான். படியெடுக்கும் நொதி முன்னே நகர, அதன் பின்னால் சுருள் முறுக்குத் தளர்ந்து இழைகள் பிரிகின்றன. அப்போது குவானின் இழை மடிந்து, நான்கு நான்கு குவானின்களாகச் சதுரத் தட்டுகள் அமைகின்றன. மூன்று தட்டுகள், நடுவே பொட்டாசியம் அயனிகள். எதிரே உள்ள சைட்டோசின் இழையும் ஐ-மோட்டிஃப் என்ற வேறொரு வடிவம் எடுக்க முடியும்.

கேள்வி: பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கரைசலில் சிடி, அதாவது மடிப்பின் வடிவத்தைக் காட்டும் ஒளி அளவீடு, எடுத்தேன். 264 நானோமீட்டரில் உச்சி இருக்கிறது, ஆனால் 290 பக்கம் ஒரு மேடும் வருகிறது.

முதலில் பிபிஎஸ்ஸை விடுங்கள். அதில் சோடியம் குளோரைடு 137 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடு வெறும் 2.7. பத்து மில்லிமோலார் டிரிஸ், பிஹெச் 7.4, பொட்டாசியம் குளோரைடு 100 மில்லிமோலார், ஒலிகோ (இந்த வரிசையுள்ள குறுகிய டிஎன்ஏ துண்டு) 5 மைக்ரோமோலார் எடுங்கள். 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, ஹீட் பிளாக்கை அணைத்து இரவு முழுக்க அப்படியே ஆறவிடுங்கள். ஐஸில் வைத்தால் தவறான மடிப்புகள் சிக்கிக்கொள்ளும். அதன் பிறகும் மேடு இருந்தால் 27 எழுத்து வரிசையே காரணமாக இருக்கலாம்: அதில் குவானின் கொத்துகள் ஐந்து, எந்த நான்கு சேர்வது என்பதில் கலப்படம் வரும். 27 எழுத்து வரிசையின் எண்படி 14, 23 ஆம் இடங்களில் தைமின் வைத்த 22 எழுத்து வடிவம் ஒரே மடிப்பாக வரும்.

கேள்வி: சூடாக்கும்போது மடிப்பு அவிழ்வதைக் காட்டும் உருகு வளைவு மேலே தட்டையாகவே இல்லையே?

அவ்வளவு பொட்டாசியத்தில் இது 85 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். பொட்டாசியத்தை 1 முதல் 5 மில்லிமோலாருக்குக் குறைத்து, மீதிக்கு லித்தியம் குளோரைடு சேருங்கள். 295 நானோமீட்டரில் பாருங்கள். அங்கே உருகும்போது உறிஞ்சல் ஏறாது, இறங்கும்.

கேள்வி: பிளாஸ்மிடில் (செல்லுக்குள் செலுத்தும் வட்ட டிஎன்ஏவில்) குவானினை மாற்றினால் லூசிஃபெரேஸ் (படியெடுப்பை ஒளியால் காட்டும் நொதி) கூடுகிறது. நான்கிழைதான் மரபணுவை அணைக்கிறது என்று எழுதலாமா?

வேண்டாம். 2002-இல் ஹர்லி குழுவும் ஒரே ஒரு குவானினை அடினினாக மாற்றி, படியெடுப்பு மூன்று மடங்கு கூடுவதைக் கண்டது உண்மை. ஆனால் அதே எழுத்துகளில்தான் எஸ்பி1, சிஎன்பிபி போன்ற புரதங்களும் அமர்கின்றன. ஓர் எழுத்தைத் தொட்டால் இரண்டும் கலைகின்றன. பிளாஸ்மிடில் இயல்பான குரோமாட்டினும் (டிஎன்ஏ புரதங்களோடு சுற்றிய அமைப்பும்) இல்லை. 2024-இல் கேம்பிரிட்ஜ் குழு குரோமோசோமிலேயே இந்த வரிசையைத் திருத்தியபோது மிக் குறைந்தது. கேராஸ் (KRAS) என்ற வேறொரு மரபணுவின் நான்கிழை வரிசையை அதே இடத்தில் வைத்தபோது மீண்டது. வரிசை வேறு, மடிப்பு அதே. இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியவில்லை. நான்கிழையைப் புரதங்கள் வந்து இறங்கும் மேடையாகவே நான் பார்க்கிறேன். மருந்து ஒட்டி அந்த மேடையை அடைத்துவிட்டால் மிக் குறைவதும் இதற்கு முரணல்ல.

கேள்வி: நான்கிழையில் ஒட்டும் டிஎம்பைபி4 என்ற சேர்மத்தைப் போட்டதும் மிக் குறைந்தது. போதுமா?

போதாது. அது இரட்டைச் சுருளிலும் ஒட்டும். டிஎம்பைபி2 என்ற அதன் ஐசோமரை இணையாக ஓட்டுங்கள். ராஜி, சிஏ46 ஆகிய இரு பர்கிட் லிம்ஃபோமா (ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்) செல்களையும் வைத்துக்கொள்ளுங்கள்: சிஏ46-இல் இடம்மாறிய, வேலை செய்யும் மிக் நகலில் இந்தத் துண்டு இல்லை. அங்கேயும் அதே அளவு குறைந்தால் உங்கள் மருந்து வேறெங்கோ ஒட்டுகிறது. செல்கள் சாகத் தொடங்கும் முன்பே, முதல் சில மணி நேரங்களில் ஆர்என்ஏவை எடுத்துவிடுங்கள்.