வாசகர் கேள்வி: அணுக்கழிவைக் கல்லுக்குள் பூட்ட முடியுமா?

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகக் கல்லுக்குப் பட்டை தீட்டும் குடும்பத்தினர். அணுக்கழிவைக் கண்ணாடியோடு உருக்கி வைக்கிறார்கள் என்று படித்தேன். உடையும் கண்ணாடியை நம்புவதைவிட, யுகக்கணக்கில் கெடாத கல்லுக்குள் அதைப் பூட்டினால் என்ன?
– வாசகர், காங்கேயம்

பதில்: பூட்டலாம். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் டெட் ரிங்வுட் 1978இல் முன்வைத்த 'சின்ராக்' என்னும் செயற்கைப் பாறையின் அடிப்படையே நீங்கள் கேட்டிருப்பதுதான். டைட்டானியம் கலந்த கனிமங்களை உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிப் பீங்கான்போல் ஆக்கும்போது, ஹாலண்டைட் படிகம் சீசியத்தையும், பெரோவ்ஸ்கைட் ஸ்ட்ரான்சியத்தையும், சிர்க்கோனலைட் யுரேனியம், புளுட்டோனியம் போன்ற கன அணுக்களையும் தத்தம் கட்டமைப்புக்குள்ளேயே ஏற்றுக்கொள்கின்றன.

அப்படியிருந்தும் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் கண்ணாடியையே பயன்படுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. கழிவில் பல பத்துத் தனிமங்கள் கலந்து கிடக்கின்றன. படிகம் அளவும் மின்னூட்டமும் பொருந்தும் அணுவுக்கே இடம் கொடுக்கும். ஒழுங்கற்ற வலைபோன்ற அமைப்புடைய போரோசிலிக்கேட் கண்ணாடியோ பெரும்பாலானவற்றைப் பேதமின்றி ஏற்கும். கண்ணாடியை எஃகுக் கலத்துக்குள் ஊற்றி உறையவைப்பதால், அது விரிசல் விடுவதைவிட, காலப்போக்கில் நிலத்தடி நீர் பட்டுக் கரைவதே முதன்மையான கவலை. அந்த வகையில், கண்ணாடியைவிடச் சிர்க்கோனலைட் பன்மடங்கு உறுதியானது.

ஆனால், கல் கெடாது என்ற உங்கள் நம்பிக்கைக்கு ஒரு திருத்தம் தேவை. அதற்கான சான்று உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. இலங்கையிலிருந்து வரும் பச்சை நிறச் சிர்க்கான் கற்களில் சில, சிர்க்கானுக்கு உரிய கனமும் ஒளியும் இன்றி மங்கலாக இருக்கும். அந்தக் கல்லுக்குள் இயற்கையாகவே புகுந்த சிறிதளவு யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்ததன் விளைவு அது. ஓர் அணு ஆல்ஃபாத் துகளை வெளியேற்றும்போது, துப்பாக்கி சுட்டவரின் தோளைப் பின்னுக்குத் தள்ளுவதுபோல எஞ்சிய அணுக்கரு எதிர்த்திசையில் தெறித்து, வழியிலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்களை இடம்பெயர்க்கிறது. இவ்வாறு நாளடைவில் படிகம் ஒழுங்கிழந்து, கிட்டத்தட்ட 18 சதவீதம் வரை பருத்து, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.7 கிராமிலிருந்து 4 கிராமுக்கு அருகே இறங்குகிறது. அத்தகைய கல்லைச் சூடேற்றினால் படிகத்தன்மை மீள்வதும் உண்டு.

எனவே கழிவுக்கு ஏற்ற கல்லின் தகுதி கடினத்தன்மை அல்ல, உள்ளிருந்து தாக்கப்பட்டாலும் தன்னைச் சீர்செய்துகொள்ளும் திறன் என்பதே என் கருத்து. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்னும் கனிமம் இதற்கு நல்ல முன்மாதிரி: அதில் தோரியம் மிகுந்திருந்தும், அது பெரும்பாலும் படிகமாகவே நீடிக்கிறது. புளுட்டோனியம்-239இன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) 24,100 ஆண்டுகள் என்பதால், ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் சோதித்துவிட்டு உறுதி சொல்ல முடியாது. இயற்கைக் கனிமங்களைச் சாட்சிக்கு அழைப்பதைத் தவிர வேறு வழி குறைவு. சீசியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 30 ஆண்டு அரை ஆயுளுள்ள சீசியம்-137 பேரியமாக மாறுகிறது. அதாவது ஓர் அணுவுக்கென்று அமைத்த இடத்தில் வேறு மின்னூட்டமுள்ள அணு வந்து உட்காருகிறது. அதையும் தாங்கும்படி படிகத்தை முன்கூட்டியே வடிவமைக்க வேண்டும்.

கேள்வி: நம் கொங்கு நாட்டுப் பாறை உறுதியானதாயிற்றே, இங்கே புதைக்க ஏற்றதா?
– வாசகி, பெருந்துறை

பதில்: இந்தியாவில் ஆழ்நிலப் புதைகுழி எதுவும் இன்று இயங்கவில்லை, ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோவில் ஏறத்தாழ 1,400 அடி ஆழத்தில், நைஸ் என்னும் வரிவரியான உருமாறிய பாறையில் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். நைஸ் நம் பகுதியிலும் பரவலாக உள்ளது. ஆனால் பாறை உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, வெடிப்பும் நீரோட்டமும் அரிதாக இருக்க வேண்டும். 1,000 அடிக்குக் கீழேயும் ஆழ்துளைக் கிணறு போட்டுப் பாறை வெடிப்பில் தண்ணீர் தேடும் நம் விவசாயிக்கு எந்த வெடிப்பு வரமோ, அதுவே புதைகுழி அமைப்பவர் முதலில் விலக்க வேண்டிய குறை.