கோவையில் தங்குங்க, குன்னூரோடு திரும்புங்க

(ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் 31 வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற கோவைக்காரர், வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில்: சிநேகிதியோடு சனி, ஞாயிறு.)

கேள்வி: அக்கா, எனக்கு 52 வயது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த சிநேகிதியும் நானும் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூடச் சேர்ந்து வெளியூர் போனதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, திங்கள் காலை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். ஊட்டியில் ரூம் போடலாம் என்கிறாள் அவள். எனக்கோ கோயில், கடைவீதி, நல்ல சாப்பாடு எல்லாம் உள்ள ஊராக வேண்டும். அவளுக்கு முட்டி வலி வேறு. எங்கே போகலாம்?
— வாசகி, பெரம்பூர்

பதில்: தங்கச்சி, ஊட்டியில் ரூம் போடாதீங்க. கோவையில் போடுங்க. உங்கள் இரண்டு பேர் ஆசையும் அதில் அடங்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நானும் என் சிநேகிதியும் முதல் தடவை சேர்ந்து போனபோது, விடியற்காலை நாலு மணிக்கு வாடகை வேன் பிடித்தோம். தாவரவியல் பூங்கா, போட் ஹவுஸ், தொட்டபெட்டா, பைக்காரா எல்லாம் ஒரே நாளில். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். தொட்டபெட்டாவில் 'ஏறியே ஆகணும்' என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பைக்காரா போய்ச் சேர்ந்தபோது நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வீடு வந்தும் 'வர்றேன்' என்றுகூடச் சொல்லாமல் அவள் இறங்கிப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மலையில் ஒரே ஒரு காரியம், ஊரில் ஒரே ஒரு காரியம், மீதி நேரம் சும்மா. வருஷம் இரண்டு தடவை போகிறோம், சண்டை வந்ததில்லை.

உங்களுக்கு நான் போட்டுத் தரும் கணக்கு இது. வெள்ளி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ். அது அஞ்சு மணி வாக்கில் கோவைக்கு வரும். அங்கே இறங்காதீங்க. கடைசி ஸ்டேஷனான மேட்டுப்பாளையம் வரைக்கும் டிக்கெட் எடுங்க. அங்கிருந்து காலை 7.10-க்கு மலை ரயில் கிளம்பும். நடுவில் முகம் கழுவி, ரெண்டு இட்லி சாப்பிட நேரம் இருக்கும். ரெண்டே இட்லி, அதுக்கு மேல வேண்டாம்.

மலை ரயிலைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்குங்க. குன்னூர் வரைக்கும் 1899-லும், ஊட்டி வரைக்கும் 1908-லும் ஓட ஆரம்பித்த பாதை. 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல்லாறு ஸ்டேஷன் தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த கம்பிகள் ஆரம்பிக்கும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். அந்த இடத்தில் வண்டி லேசாக ஒரு குலுக்கு குலுக்கி, வேகம் அப்படியே தணிந்துவிடும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன் பெட்டிக்கு எதிரே மறைப்பே கிடையாது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. சாய்வில் ஏறும்போது இத்தனை பெட்டிக்கும் அவர்கள் கைதான் காவல். அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். இறங்கி டீ குடிங்க. போன மாசி மாசம் போனபோது, என் சிநேகிதி டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். எஞ்சின் 'உஸ்ஸ்' என்று ஆவி விட்டதும் அந்த ஈரம் எங்கள் முகத்தில் வந்து படிந்தது. 'எங்கம்மா பித்தளை அண்டாவுல தண்ணி காய வைப்பாங்கல்ல, அந்த வாசனை' என்றாள். அவள் அம்மாவைப் பற்றி அவள் பேசி நாலு வருஷம் இருக்கும். மேலே குன்னூர் வரும்வரை அம்மா கதைதான்.

பத்தரை வாக்கில் குன்னூர். அங்கே இறங்கிடுங்க. பல்லுக் கம்பி பாதை அங்கே முடிகிறது, நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் மாட்டிவிடுவார்கள். ஊட்டி வரை போனால் உங்கள் சாயங்காலம் முழுக்க இறங்குவதிலேயே போய்விடும். குன்னூரில் சிம்ஸ் பூங்கா போதும். 1874-ல் உண்டான தோட்டம். ஆனால் அது பள்ளத்தாக்குச் சரிவில் அடுக்கடுக்காக இறங்குகிற இடம். முட்டி வலிக்காரர் கீழே இறங்கிவிட்டால் ஏறுவது பெரும்பாடு. மேலேயே ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார வைங்க. நீங்களும் கூடவே உட்காருங்க. நீங்கள் மட்டும் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவது அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும், ரயிலடிக்குப் பக்கத்திலேயே உள்ள பஸ் ஸ்டாண்டில் கோவை பஸ் ஏறுங்க. இறங்கும்போதுதான் தலை சுற்றும். முன் பக்கம் சீட்டு பிடித்து, ரோட்டைப் பார்த்தபடி வரச் சொல்லுங்க. போனைப் பார்க்க வேண்டாம். இருட்டுவதற்கு முன் கோவை வந்துவிடலாம். காந்திபுரத்திலோ ரயிலடிப் பக்கமோ ரூம். அன்றைக்கு ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம் கிடைக்கிற மெஸ் எது என்று ரூம் கொடுப்பவரையே கேளுங்க. அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேக வைத்து, சின்ன வெங்காயம், பூண்டு தாளித்து, மேலே நெய். கொங்குநாட்டு வீட்டுச் சமையலில் எனக்கு இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. மறுநாள் காலை சந்தகை கிடைத்தால் தேங்காய்ப் பால் விட்டுச் சாப்பிடுங்க.

ஞாயிறு உங்களுடைய நாள். காலையிலேயே பேரூர் போயிடுங்க, நொய்யல் கரையில், ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள். பட்டீஸ்வரர் கோயில் கனகசபை மண்டபத்தில் தூண் சிலைகளைப் பார்த்துவிட்டு அண்ணாந்து பாருங்க. கூரையிலிருந்து தொங்குவது கல்லில் செதுக்கிய சங்கிலி, வளையத்துக்குள் வளையம். பதினேழாம் நூற்றாண்டில் அழகாத்திரி நாயக்கர் கட்டிய மண்டபம். கோயிலை ஒட்டி 'பிறவாப் புளி', 'இறவாப் பனை' என்று இரண்டு மரம் சொல்வார்கள். அந்தப் புளியின் விதை முளைக்காது, அந்தப் பனை சாகாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சின்ன வயதில் என் பாட்டி பனையின் பட்டையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கோயிலுக்கு வெளியே மேற்கே திரும்பினால் வெள்ளியங்கிரி மலை நீளமாகப் படுத்திருக்கும். மலையைப் பார்க்க மலைமேல் ஏறித்தான் ஆகணும் என்பதில்லை.

மதியத்துக்கு மேல் ஒப்பணக்கார வீதி. கோரா காட்டன் சேலை பாருங்க. பட்டு இழையும் பருத்தி இழையும் கலந்த நெசவு, புவிசார் குறியீடு பெற்றது. சாயங்காலம் உக்கடம் பெரியகுளக் கரையில் உட்காருங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல் நீலகிரி எக்ஸ்பிரஸ், சேரன் எக்ஸ்பிரஸ் இரண்டும் சென்னைக்கு இருக்கிறது.

மருதமலையை ஏன் விட்டுவிட்டேன் என்று கோவைக்காரர்கள் கோபிப்பார்கள். முருகன் மேல் எனக்கு இல்லாத பக்தியா? பேரூர் வேண்டாம் என்றால் மருதமலை போங்க. அடிவாரத்திலிருந்து கோயில் பஸ்ஸே மேலே கொண்டுபோய் விடும், படி ஏற வேண்டாம். ரெண்டும் ஒரே நாளில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: மலை ரயிலில் டிக்கெட் எப்போது பார்த்தாலும் வெயிட்டிங் லிஸ்ட். என்ன செய்வது?
— வாசகர், திருச்சி

பதில்: முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். திறக்கிற அன்று காலையிலேயே போடுங்க. தேதி முடிவு பண்ணிவிட்டு டிக்கெட் தேடாதீங்க, டிக்கெட் கிடைக்கிற தேதியை உங்கள் தேதியாக வைத்துக்குங்க. கவுன்ட்டரில் இருந்த காலமெல்லாம் நான் சொன்னது இதுதான். மே மாசத்தில் ரொம்பக் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து கல்லாறு - குன்னூர் இடையே வண்டி நிற்கிற நாட்கள் வரும், அந்த மாசங்களில் போவதாக இருந்தால் பஸ் வழியையும் மனசில் வைத்திருங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாக பஸ் இருந்துகொண்டே இருக்கும். பாக்குத் தோப்பு வாசனையோடு அது ஒரு தனி அழகு.

கேள்வி: நானும் நண்பனும் காரில் போகிறோம். இ-பாஸ் கட்டாயமா? அப்படியே வால்பாறையும் பார்த்துவிடலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து. இணையத்தில் வாங்கிக்கொண்டு புறப்படுங்க. அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் அந்தக் கவலை கிடையாது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்க தம்பி, நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலை விட மாட்டார்கள், விடவும் கூடாது.

வால்பாறை வேண்டாம், இந்தத் தடவை வேண்டாம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நின்று ஆழியாறு அணையைப் பார்க்கவும், பாறையில் வரையாடு நின்றால் அதைப் பார்க்கவும் நேரம் வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சனி, ஞாயிறு எடுத்து வாங்க.

கேள்வி: ஜூலையில்தான் எங்களுக்கு லீவு கிடைக்கும். கோவையில் மழை பெய்து கெடுத்துவிடுமா அம்மா?
— வாசகி, மதுரை

பதில்: கெடுக்காது கண்ணு. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக்கிட்ட ஏறக்குறைய 30 கிலோமீட்டர் விட்டுப் போயிருக்கிறது. அந்த வழியாகத்தான் தென்மேற்குக் காற்று எங்கள் ஊருக்குள் வரும். மழையைப் பெரும்பாலும் மலையிலேயே கொட்டிவிட்டு, ஊருக்குள் வெறும் குளிர்காற்றும் சாரலுமாக வரும். ஆனி, ஆடியில் கொடியில் போட்ட துணி கிளிப் இருந்தாலும் பறக்கும். கோவைக்காரர் வெளியூர் போனால் ஏங்குவது இந்தக் காற்றுக்கும் சிறுவாணித் தண்ணிக்கும்தான்.

ஒன்று மட்டும். கோவைக் குற்றாலத்தை நம்பி வராதீங்க. ஊரில் தூறல்கூட இல்லாத நாளில் மலையில் கொட்டித் தீர்த்து, வெள்ளம் வந்து வனத்துறை மூடிவிடும். அடிவாரம் வரை போய்த் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: செலவு பங்கு பிரிப்பதில் எனக்கும் என் தோழிக்கும் ஒவ்வொரு தடவையும் மனத்தாங்கல். அவள் ஆட்டோவுக்குக் கொடுத்துவிடுவாள், நான் ஓட்டலுக்கு. கடைசியில் யார் எவ்வளவு என்று கேட்கவும் கூச்சம்.
— வாசகி, வேலூர்

பதில்: நாங்கள் ஒரு சுருக்குப்பை வைத்திருக்கிறோம். ரயில் ஏறினதும் இரண்டு பேரும் ஒரே தொகையை அதில் போடுவோம். டீயிலிருந்து ரூம் வரைக்கும் அதிலிருந்துதான். தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுவோம். போன வழியில் அவள் வைத்துக்கொண்டால் வந்த வழியில் நான். சேலை, நகை மட்டும் அவரவர் காசு. மீதி வந்தால் பிரிக்க மாட்டோம், பையிலேயே கிடக்கும், அடுத்த பயணத்துக்கு. இப்போது அதில் 340 ரூபாய் இருக்கிறது.

கேள்வி: இரண்டு பொம்பளைங்க தனியாக லாட்ஜில் தங்குவதா என்று வீட்டில் கேட்கிறார்கள். உங்களுக்கு அப்படி எதுவும் நடந்ததுண்டா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: நடந்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில், 'கூட ஆம்பளை யாரும் வரலையா?' என்று கேட்டுவிட்டு ரூம் இல்லை என்றார்கள். சாவி எல்லாம் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கெஞ்சவில்லை. பக்கத்துத் தெருவில் வேறு இடம் பார்த்தோம். அன்று ராத்திரி என் சிநேகிதி கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டுவிட்டுத்தான் படுத்தாள். அந்தக் கேள்வி நியாயமில்லாதது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் முன்கூட்டியே போன் போட்டு, 'ரெண்டு பேர், ரெண்டு பேரும் லேடீஸ்' என்று சொல்லியே ரூம் போடுங்க. தயங்குகிற குரல் கேட்டால் விட்டுடுங்க. இரண்டு பேர் ஆதார் கார்டும் கையில் இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்தோ ரயிலடியிலிருந்தோ நடக்கிற தூரத்தில், ராத்திரி கடை திறந்திருக்கிற ரோட்டில் இடம் பாருங்க. ரூமுக்குள் போனதும் உள் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று போட்டுப் பாருங்க. பார்த்துவிட்டு வீட்டுக்கு ஒரு போன் போட்டு, ரூம் நம்பரைச் சொல்லிடுங்க.