ஹார்ட் டிஸ்கில் 'டக் டக்' சத்தம்: முதலில் என்ன பார்ப்பது?

திருமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: டெஸ்க்டாப் ஆன் செய்ததும் சீரான இடைவெளியில் 'டக் டக்' சத்தம், டி டிரைவ் சில நேரம் காணாமல் போகிறது.

சத்தம் டிஸ்கிலிருந்துதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிஸ்கின் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். சத்தம் தொடர்ந்தால் ஃபேன். மதுரைப் பக்கத்துப் புழுதிக்கு அது சகஜம், சுத்தம் செய்தால் போதும்.

நின்றுவிட்டால் டிஸ்க்தான். உள்ளே சுழலும் தட்டில் உள்ள வழிகாட்டும் குறிகளைப் படிக்க முடியாமல், தகவலைப் படித்து எழுதும் முனையான ஹெட் திரும்பத் திரும்பத் தன் இடத்துக்கு வந்து மோதுவதே அந்த 'டக்'. ஆனால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்தாலும் இதே சத்தம் வரும். மல்டிமீட்டரில் டிஸ்கின் பவர் கேபிளிலுள்ள மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிப் பாருங்கள்.

வோல்ட் சரியென்றால், டிஸ்க் தெரியும் நேரத்திலேயே முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு டிஸ்குக்கு எடுங்கள். விண்டோஸில் டிஸ்கைச் சோதிக்கும் 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள், பழுதான ஹெட்டை அது இன்னும் அலைக்கழிக்கும். ஃப்ரிட்ஜில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும். 'கர்ர்' என்று உரசல் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஹெட் தட்டைச் சுரண்டுகிறது. மூடியைத் திறக்காமல் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.