டர்போவுக்குப் பயப்பட முதல் சேசி நம்பரைப் பாருங்கோ

கேள்வி: நான் கோப்பாயில் ஆசிரியையாக இருக்கிறேன். கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பி, டொயோட்டா ரைஸ் டர்போ கார் எடுக்கச் சொல்கிறான். எங்கள் பாடசாலை இளம் ஆசிரியர்கள் “விசர் இழுவை மிஸ், யோசிக்காமல் எடுங்கோ” என்கிறார்கள். வழமையாகப் பார்க்கும் மெக்கானிக் “டர்போ எண்டால் தொடவே வேண்டாம், 95 பெற்றோல்தான் அடிக்கோணும், அறுபதாயிரம் கிலோமீற்றரில போயிடும்” என்கிறார். வீட்டில் ஐந்து பேர். தினமும் பாடசாலை, மாதமொருக்கால் கொழும்பு. ஒரு புரோக்கர் “ஜப்பான் ரைஸ், டர்போ, ரூ வீல், 2023” (ரூ வீல் என்றால் முன்சில்லு இரண்டும் மட்டும் இழுப்பது) ஒன்று இருப்பதாகவும் ஐந்து இலட்சம் முற்பணம் தந்தால் பிடித்து வைப்பதாகவும் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: ரீச்சர், முற்பணத்தை இன்னும் கொடுக்கவில்லைத்தானே? கொடுக்கவில்லையென்றால் மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கோ.

ரைஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2019 நவம்பரில். 2020 மார்ச்சில் இங்கே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அங்கே பழகிப்போன வண்டி இங்கே புதுமாப்பிள்ளையாகத் திரிவதற்கு அதுதான் காரணம். டர்போ என்பது என்ஜின் புகையின் விசையில் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அடைக்கும் சுழலி. பெடியள் அதன் இழுவையைப் புகழ்வதில் பொய்யில்லை. 996 சிசி, மூன்று சிலிண்டர், 98 குதிரைவலு. ஆனால் 140 நியூட்டன் மீற்றர் இழுவிசை நிமிடத்துக்கு 2,400 சுற்றிலேயே முழுதாகக் கிடைக்கிறது. ஐந்து பேரை ஏற்றி, ஏசியும் போட்டு, வவுனியா தாண்டி ஒரு லொறியை முந்தும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். மூன்று சிலிண்டர் நடுக்கமும் சிக்னலில் நிற்கும்போது தெரியும், அதைப் பெடியள் சொல்லமாட்டார்கள்.

உங்கள் மெக்கானிக்கின் பயமும் சும்மா வந்ததல்ல. பழைய டீசல் டர்போ வான்கள் சூடேறி ஹெட் வெடித்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ஆனால் பெற்றோல் விஷயத்தில் அவர் சொன்னது பிழை. இந்த என்ஜினுக்கு ஜப்பானில் அடிப்பது அவர்களுடைய சாதாரண பெற்றோல். அவர்களின் தர விதிப்படி அது 89 ஒக்டேனுக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். நம்முடைய 92 தாராளம். 95 அடித்தால் கெடுதலில்லை, காசுதான் போகும்.

இனி, ஏன் எல்லோரும் டர்போ ரைஸையே கூவி விற்கிறார்கள் என்று யோசித்தீர்களா? நம் நாட்டில் பெற்றோல் வண்டிக்கு வரி சிசியைப் பார்த்துத்தான் விழுகிறது. 996 சிசி ஆயிரத்துக்கு உள்ளே நிற்கிறது. அதே ரைஸின் டர்போ இல்லாத 1.2 என்ஜின் 1,196 சிசி, அது அடுத்த படிக்குப் போய்விடுகிறது. குறைந்த வலுவும் குறைந்த பெற்றோல் செலவும் உள்ள என்ஜினுக்குக் கூடுதல் வரி! இதை எழுதியவர்கள் ஒருநாளாவது பொனற் திறந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆகவே சந்தையில் டர்போ நிறைந்து கிடப்பது உங்கள் தேவைக்காக அல்ல, வரிப் பட்டியலுக்காக.

இப்போது புரோக்கரிடம் வருவோம். 2021 நவம்பரில் டொயோட்டா ஜப்பானிய ரைஸை மாற்றியமைத்தது. அதிலிருந்து அங்கே டர்போ என்றால் நான்கு சில்லும் இழுக்கிற வண்டி மட்டும்தான். முன்சில்லு இழுப்பவை 1.2 பெற்றோலும் ஹைபிரிட்டும், இரண்டிலும் டர்போ கிடையாது. அப்படியானால் “ஜப்பான், டர்போ, ரூ வீல், 2023” என்ற வண்டி எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது? ஒன்றில் டர்போ என்பது பொய், அல்லது ரூ வீல் என்பது பொய், அல்லது வருடம் பொய். மனுசனுக்கு உண்மையாகவே தெரியாமலும் இருக்கலாம். தெரியாதவரிடம் ஐந்து இலட்சத்தைக் கொடுப்பது இன்னும் மோசம்.

சேசி நம்பர் என்றால் வண்டியின் உடலில் அடித்திருக்கும் அடையாள நம்பர். அதன் முன்பகுதியைக் கேளுங்கோ. ஏ210ஏ என்று தொடங்கினால் டர்போ, நான்கு சில்லு. ஏ201ஏ என்றால் 1.2 பெற்றோல். ஏ202ஏ ஹைபிரிட். ஏ200ஏ என்பது 2021இல் நிறுத்திய பழைய ரூ வீல் டர்போ. மூன்று வயதுக்கு மேற்பட்ட காரை இறக்க விடாத விதிப்படி, புதிதாக வந்த வண்டியில் அந்த நம்பர் இருக்கவே கூடாது. வாயால் சொல்வதை நம்பாதேங்கோ. ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கோ. வெயிலில் நின்று பார்க்கச் சோம்பல்பட்டுத்தான் பலர் கெட்டுப்போகிறார்கள்.

ஒக்ஷன் ஷீற்றை, அதாவது ஜப்பானிய ஏலத்தில் வண்டியைப் பரிசோதித்து எழுதும் தாளை, புரோக்கர் போனில் காட்டுவார். அது கணினியில் பத்து நிமிட வேலை. தரம் ஆர் என்று இருந்ததை 4.5 ஆக்குவார்கள், ஆர் என்றால் அடிபட்டுத் திருத்திய வண்டி. ஓடிய தூரத்தையும் குறைப்பார்கள். சேசி நம்பரைக் கொடுத்து மூல ஷீற்றை நீங்களே எடுப்பிக்க வேண்டும், சிறு கட்டணம்தான். காசு கட்டுவதானால் இறக்குமதி செய்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு, பற்றுச்சீட்டில் சேசி நம்பரை எழுதுவித்து மட்டும் கட்டுங்கோ. புரோக்கரின் சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் வேண்டாம். வெளிநாட்டுக் காசு என்று மணத்தால் சிலருக்குக் கொமிசன் இரண்டு பக்கமும் ஏறும், தம்பியின் பெயரை எடுக்கவே எடுக்காதேங்கோ. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துத் தருகிறேன், பெயரைப் பிறகு மாற்றலாம் என்பவரிடம் தேநீர் குடித்துவிட்டு எழும்பி வாருங்கோ. இதையெல்லாம் வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு, இறக்குமதிக்கு மட்டும் வர்த்தமானிக்கு மேல் வர்த்தமானி அடித்து என்ன பயன்?

டர்போ அறுபதாயிரத்தில் போகுமா? போக வைக்கலாம், ஒயிலை மறந்தால். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் சுற்றும், அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. ஜப்பானில் டொயோட்டா தன் டர்போ பெற்றோல் வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்வது 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது. உங்களுக்குக் காலையும் மாலையும் சின்ன ஓட்டம், ஆகவே ஆறு மாதம்தான் கணக்கு. “பத்தாயிரத்தில மாத்தலாம்” என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுபவர் டர்போவுக்குக் காசு தரப்போவதில்லை.

டர்போ வண்டியை உடனே நிற்பாட்டக்கூடாது என்றும் சொல்லியிருப்பார்கள். கோப்பாய்க்கும் நல்லூருக்கும் ஓடிவிட்டு வாசலில் என்ஜினை உறும விட்டு நிற்கத் தேவையில்லை, அது வீண் பெற்றோல். ஊருக்குள் மெதுவாக வருகிற அந்தக் கடைசிப் பத்து நிமிடத்திலேயே டர்போ ஆறிவிடும். ஒரேயொரு இடத்தில் மட்டும் கவனம். கொழும்பிலிருந்து வரும்போது மாங்குளம் தாண்டினால் நேர் றோட்டு, சட்டம் 70 என்றாலும் டிரைவர்மார் மிதிப்பார்கள். மிதித்த சூட்டோடு வந்து முறிகண்டிப் பிள்ளையாரடியில் சட்டென்று நிறுத்தி, திறப்பைத் திருப்பிவிட்டுத் தேங்காய் வாங்க ஓடுவோம். ஒயில் ஓட்டம் நின்றுவிடும், டர்போவின் சூடு நிற்காது. அங்கே தேங்கிய ஒயில் கருகிக் கரியாகும். ஒரு நிமிடம் என்ஜின் சும்மா ஓடட்டும், பிள்ளைகள் இறங்கிச் செருப்பைக் கழற்றும் நேரம் போதும். வண்டி நின்றதும் என்ஜின் தானாக நிற்கும் வசதி இருந்தால் அந்தப் பட்டனை முன்னதாகவே அமத்தி விடுங்கோ. இல்லாவிட்டால் நீங்கள் நிறுத்தாமலேயே அது நிறுத்திவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்குத் தனிப் பிரச்சினை உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வரும் கிணற்றுத் தண்ணீர், கேத்தல் அடியில் படிகிற வெள்ளையைத்தான் ரேடியேற்றருக்குள்ளும் படிய வைக்கும். இந்தக்கால பெற்றோல் டர்போவைச் சுற்றியும் அந்தத் தண்ணீர்தான் ஓடுகிறது. டொயோட்டாவின் கூலன்ற் மட்டும் ஊற்றுங்கோ. கராஜ் பெடியன் வாளியோடு வந்தால் தடுத்துவிடுங்கோ. செம்மண் தூசிக்கு எயர் பில்டரையும் நேரத்துக்கு மாற்றினால் சரி.

உங்களுக்கு எது? ஜப்பானிய சோதனைக் கணக்கில் டர்போ லீற்றருக்கு 17.4 கிலோமீற்றர், 1.2 பெற்றோல் 20.7 கிலோமீற்றர். கஸ்தூரியார் வீதியில் ஊர்ந்தால் இரண்டுமே அதைவிட நன்றாகக் குறையும். மலையோ சேறோ இல்லாத குடாநாட்டில் நான்கு சில்லு இழுவை தேவையே இல்லை, பின் டிபரன்ஷல் ஒயில் செலவு மட்டும் மிஞ்சும். உங்கள் ஓட்டத்துக்கு ஏ201ஏ போதும், விலை கட்டுப்படியானால் அதையே எடுங்கோ. வரியால் அது எட்டாமல் போனால் சுத்தமான ஏ210ஏ ஒன்றைத் தயங்காமல் எடுக்கலாம். அந்தப் புரோக்கரிடம் இன்றைக்கே சேசி நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. “முதல் முற்பணம், பிறகு நம்பர்” என்றாரென்றால் வேறு ஆளைப் பாருங்கோ.