“அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டினமா?”: கொரோனா நாள்களில் வன்னித் தாய்மார் கேட்டவை

2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி கொரோனாவுக்கான தனிமைப்படுத்தல் ஊரடங்கு தொடங்கியதிலிருந்து போனிலும் வட்ஸ்அப்பிலும் கேள்விகள் வந்தபடியே இருந்தன. நான் குடும்பநல உத்தியோகத்தராக (ஊர் மருத்துவமாதுவாக) வேலை பார்த்த காலத்தில் நிறுத்துப் பார்த்த பிள்ளைகள் சிலர் இப்போது தாய்மார். அன்று அவர்களின் அம்மாமார் கூப்பிட்ட ‘மிஸ்ஸி’ என்ற பெயரிலேயே இவர்களும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். ஊர்ப்பெயர் உண்டு, ஆள்பெயர் இல்லை.

மிஸ்ஸி, இவருக்குப் பொசிற்றிவ் எண்டு அம்புலன்ஸ் வந்து ஏத்திக்கொண்டு போச்சுது. மூண்டரை வயசு மகன் படலையடியில நிண்டு பாத்தவன். “அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டினமா?” எண்டு அண்டையில இருந்து கேக்கிறான். அதைக் கேட்டு மாமியும் அழுறா. அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போட்டார் எண்டு சொல்லி வச்சிருக்கிறன். சரிதானே? (விசுவமடு)

சரியில்லைப் பிள்ளை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று விளங்குகிறது. ஆனால் அவன் கண்ணால் கண்டவன். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வந்தவர்கள் அப்பாவை ஏற்றியதைப் பார்த்த பிள்ளைக்கு வேலைக் கதை ஒட்டாது. அம்மா எதையோ மறைக்கிறா என்பது மட்டும் பிடிபடும். மறைக்கிற அளவுக்குப் பயங்கரமானது என்று தானே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வான்.

இன்றைக்கே மடியில் இருத்திச் சொல்லுங்கள்: “அப்பாவுக்குக் காய்ச்சல். அது மற்ற ஆக்களுக்கும் தொத்தும். அதால டொக்டர் ஆக்கள் தங்கட இடத்தில வச்சு மருந்து குடுக்கினம். நீ குழப்படி செய்ததால வந்த காய்ச்சல் இல்லை.” கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் வீட்டில் என்ன கெட்டது நடந்தாலும் தன்னால்தான் என்று பிள்ளைகள் நினைப்பது வழமை. எப்போது வருவார் என்று கேட்டால், “சுகம் எண்டு டொக்டர் சொன்ன உடன” என்று சொல்லுங்கள். நீங்களே அறியாத நாளைச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், பின்னேரக் குளிப்பு முடிந்ததும் என்று வையுங்களேன், தகப்பன் எடுக்கட்டும். என்ன சாப்பிட்டேன், பக்கத்துக் கட்டிலில் யார் என்று சொல்லட்டும். நாய்க்குட்டி என்ன செய்கிறது என்று மகனிடம் கேட்கட்டும். இரவில் அப்பாவின் தோய்த்த சாரம் ஒன்றை அணைத்துப் படுக்கக் கேட்டால் கொடுங்கள்.

மாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்க் காலத்தில் இந்த மண்ணில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரத்தில் இருந்து தங்கள் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாமி அழுவது பொய்ப் பயத்தில் அல்ல. அழ வேண்டாம் என்று அவவை அடக்காதீர்கள். தினமும் போன் வந்ததும் முதலில் அவவின் கையில் கொடுங்கள். மகனின் முகத்தை வீடியோவில் பார்க்கட்டும். பேரன் அப்பம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறான். அந்த முகம் இளகினால் அவனுடைய பாதிப் பயம் போய்விடும்.

நாலு வயசு மகள் திரும்பவும் படுக்கையில சலம் போறாள், விரல் சூப்புறாள், கிணத்தடிக்குக்கூட என்னைத் தனியப் போக விடுறாள் இல்லை. முன்பள்ளி பூட்டின பிறகுதான் இப்பிடி. (புதுக்குடியிருப்பு)

பயந்த பிள்ளை ஒரு படி பின்னால் போவது இயல்பு. பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே சரிவரும். ஈரப்பாயை முற்றத்தில் விரித்து மற்றவர்களுக்குக் காட்டி வெட்கப்படுத்துவதை மட்டும் செய்யாதீர்கள். அதனால் அது நீளும். சலம் போகும்போது எரிவு, காய்ச்சல், வயிற்றுநோ இருந்தால் அது வேறு விசயம், சலம் பரிசோதிக்க வேண்டும்.

முன்பள்ளி அவளுக்குக் கொடுத்தது அ, ஆவை விட ஓர் ஒழுங்கு. காலையில் என்ன, பிறகு என்ன என்று தெரிந்திருந்த நாள் இப்போது குழம்பிப் போய்விட்டது. மணிக்கூடு தேவையில்லை. குளிப்பு, சாப்பாடு, விளையாட்டு, மத்தியான நித்திரை, பின்னேரம் ஒரு கதை எல்லாம் தினமும் அதே வரிசையில் நடந்தால் போதும். கிணற்றடிக்குப் போகும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். “ரெண்டு வாளி அள்ளிப்போட்டு வாறன்” என்று சொல்லிப்போய், இரண்டு வாளியோடு வாருங்கள்.

அண்மையில் ஒரு வீட்டு முற்றத்தில் இரண்டு சிறுமிகள் விளையாடுவதைப் பார்த்தேன். ஒருத்தி மழைக்கோட்டைப் பின்முன்னாகப் போட்டிருந்தாள். மற்றவள் பொம்மையின் தலையை நிமிர்த்திப் பிடிக்க, இவள் ஈர்க்கு ஒன்றை அதன் மூக்கில் விட்டு, “கொஞ்சம் நோகும், அழக்கூடாது, முடிஞ்சுது” என்றாள். தாய் சத்தம்போட்டு நிறுத்தப் போனா, விடச் சொன்னேன். பெரியவர்கள் கதைத்துத் தீர்ப்பதைப் பிள்ளைகள் விளையாடித் தீர்க்கிறார்கள். உங்கள் மகளும் அப்படி விளையாடினால் இடையூறு செய்யாமல் பக்கத்தில் இருங்கள். ஈர்க்கைத் தம்பியின் மூக்கில் விடாமல் பார்த்தால் சரி.

எனக்குக் கொரோனா. ரெண்டு மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிப்பாட்டச் சொல்லினம். (மல்லாவி)

நிறுத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் தொடர்ந்து கொடுக்கவே சொல்கிறது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுங்கள். முகக்கவசம் உங்களுக்குத்தான். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அதைப் போடவே கூடாது, மூச்சு அடைக்கும். எழும்ப முடியாத அளவுக்குச் சுகமில்லை என்றால் பாலைப் பிழிந்து கோப்பையாலோ கரண்டியாலோ இன்னொருவர் பருக்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் தாய்மார் கொரோனாத் தடுப்பூசி போடலாம், அதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை.

ஒன்பது மாத ஊசி தவறிப்போச்சு. கிளினிக்குக்குப் போகப் பயமாக்கிடக்கு. இனி முதல்ல இருந்து போடவேணுமோ? (நெடுங்கேணி)

முதலில் இருந்து தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஒன்பது மாதத்தில் போடுவது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி. அதன் இரண்டாம் முறை மூன்று வயதில். இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது இந்த ஊசியால்தான். பிள்ளைகள் கூட்டமாகத் தவறவிட்டால் அது திரும்பி வரும். சின்னப்பிள்ளைகளுக்குக் கொரோனாவைவிட அது கொடியது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குப் போன் எடுத்து, சனம் குறைந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். வழியில் மறித்தால் அதைக் காட்டலாம்.

கடையில பால்மா இல்லை. ரெண்டரை வயசு மகனுக்கு ரெண்டு நேரமும் பால்மாதான் குடுத்தனான். (அக்கராயன்)

கடை கடையாக அலைவதை முதலில் விடுங்கள். இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பால்மா கட்டாயம் இல்லை. விளம்பரங்கள்தான் எங்களை அப்படி நம்பவைத்தன. உங்கள் ஊரில் மாடு இருக்கிறது, குளம் இருக்கிறது. காய்ச்சிய பசுப்பால் ஒரு கோப்பை அல்லது தயிர், ஒரு முட்டை, முள் பார்த்து எடுத்த குளத்து மீன் அல்லது இடித்த நெத்தலித் தூள், பயறோ உழுந்தோ பருப்போ, முருங்கையிலை. இவை மாறி மாறிச் சோற்றோடு போனால் பால்மாவில் கிடைத்ததைவிடக் கூடவே கிடைக்கும். சோற்றில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது தேங்காய்ப்பால் விடுங்கள். பால் இல்லையென்று தேத்தண்ணீர் பழக்காதீர்கள், அது சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

ஒரு வயதுக்குள் மாப்பாலில் இருக்கும் பிள்ளை என்றால் கதை வேறு. மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பது ஆபத்து. உடனே குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

சளிக்காய்ச்சலுக்குக் காட்டுத் தேன் நக்கக் குடுத்து, ஆவியும் பிடிக்கச் சொல்லி அம்மம்மா சொல்லுறா. பிள்ளைக்கு எட்டு மாதம். (ஒட்டுசுட்டான்)

ஒட்டுசுட்டான் தேனின் அருமை எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, சின்னக் குடலில் முளைத்து நஞ்சாகி உடம்பைத் தளர்த்திவிடும். ஆவி பிடிப்பதால் கொரோனா போகாது, கொதிதண்ணீர் கவிழ்ந்து பிள்ளைகள் எரிகாயப்படுவதுதான் நடக்கிறது. அம்மம்மாவிடம் எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுவதையும் தாலாட்டையும் கேளுங்கள், அவை இரண்டும் நல்லவை.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அஸ்பிரின், புரூபன் கொடுக்காதீர்கள்; டெங்கு என்றால் இரத்தம் கசியும். பிறகு மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் வயிறு எழும்புவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்குக் கூடவோ வந்தால், நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே இழுபட்டால், குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், விடியட்டும் என்று பார்க்காமல் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. இரண்டு மாதத்துக்குள் வரும் எந்தக் காய்ச்சலுக்கும் ஆசுப்பத்திரிதான். வீட்டில் கொரோனா வந்து போய் இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் பிள்ளைக்குக் காய்ச்சலோடு கண் சிவப்பும் தோலில் தடிப்பும் வயிற்றுநோவும் வந்தாலும் அப்படியே.

வீட்டில ஒரு போன். மூத்தவனுக்கு ஸ்கொலசிப் சூம் வகுப்பு. நாலு வயசுக்காரிக்கும் ரீச்சர் சூம் வைக்கிறா. (செட்டிகுளம்)

போன் மூத்தவனுக்கு. நாலு வயதுக்குச் சூம் தேவையில்லை. ரீச்சரிடம் அப்படியே சொல்லுங்கள், நான் சொன்னதாகவும் சொல்லலாம். அவள் தேங்காய்ச் சிரட்டையில் மண் அளந்து மண்சோறு ஆக்கட்டும்.

ரெண்டு பிள்ளையளோட தனியத்தான் இருக்கிறன். கூலி வேலையும் இல்லை. சந்தியில ஆமி நிக்கிறதையும் சாமானுக்கு வரிசையில நிக்கிறதையும் பாத்தா முகாமில இருந்த ஞாபகம் வருது. கையில கிடைச்சதால பிள்ளையளுக்கு அடிச்சுப்போடுறன். பிறகு நானும் அழுறன். (பூநகரி)

இதை எழுதினதற்கு நன்றி பிள்ளை. போர் முடிந்த 2009இல் நீங்களும் சின்னப்பிள்ளைதான். முள்ளிவாய்க்கால் வரை நடந்து, மெனிக் பாம் அகதி முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற தலைமுறை இன்று பிள்ளை வளர்க்கிறது. வரிசையையும் ஊரடங்கையும் கண்டதும் உடம்பு அன்றைய மாதிரியே இறுகுகிறது. இதற்கு உங்களில் குற்றம் காண ஒன்றுமில்லை. அடி நிற்க வேண்டும், அதற்கு உங்களுக்கு ஆள் வேண்டும்.

கை ஓங்கும்போது பிள்ளையைப் பாயில் இருத்திவிட்டு, அவர்களைக் கண்ணால் பார்க்கக்கூடிய தூரத்துக்குத் தள்ளிப்போய் முகத்தில் தண்ணீர் அடியுங்கள். உள்ளே இழுத்த மூச்சை மெல்ல, நீளமாக விடுங்கள். அடித்துவிட்டால் பிறகு போய், “அம்மாவுக்குக் கோபம் வந்திட்டுது. அடிச்சது பிழை” என்று சொல்லுங்கள். பிள்ளையிடம் இப்படிச் சொன்னால் மரியாதை குறையும் என்பார்கள். குறையாது. எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வளவில் நம்பிக்கையான ஒருவரிடம், தினமும் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளை முற்றத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வருமானம் இழந்தவர்களுக்கான 2,000 ரூபாக் கொடுப்பனவில் (2021 ஊரடங்குக் காலத்தில் கொடுக்கப்பட்டது) உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் கிராம அலுவலரை விடாதீர்கள். மனம் தாங்காத இரவில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது. யாராவது உங்களைத் துன்புறுத்தினால் 1938, பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929. உங்கள் இலக்கத்துக்கு நானும் எடுக்கிறேன்.

முன்பள்ளி ஆசிரியை நான். இந்த மாதங்களில என்ன செய்யலாம்? (மாங்குளம்)

உங்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு எவ்வளவு சொற்பம் என்று தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். பயிற்சித்தாள் அனுப்ப வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து நிமிடம் போன் எடுங்கள். முதலில் தாயிடம் “நீங்கள் சாப்பிட்டீங்களோ” என்று கேளுங்கள், பிறகு பிள்ளையோடு கதையுங்கள். பிள்ளைக்கு உங்கள் குரல் கேட்டாலே போதும். இரண்டு கிழமை தொடர்ந்து போன் எடுபடாத வீடு எதுவென்று குறித்து, குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். அவர்களுக்கு முன்னால் இதைக் கவனிக்கக்கூடியவர் நீங்கள்தான்.

திறக்கும்போது ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை முகக்கவசம் போடும்படி வற்புறுத்தாதீர்கள். முதல் இரண்டு கிழமை பாடம் எதுவும் எடுக்காமல் பாட்டும் மண்ணும் தண்ணீரும் கொடுங்கள். அழுகிற பிள்ளையின் தாய் படலைக்குள் வந்து கொஞ்ச நேரம் இருக்கக் கேட்டால், இருக்க விடுங்கள்.